ஜப்பானுக்குக் குழுவாப் போய் அங்கத்தைய ஆக்களிட வீட்டில தங்கிறது: திருகோணமலையில கேக்கிற கேள்விகளும் என்ட பதில்களும்

போன ஆகஸ்ட் லீவுக்கு திருகோணமலையில இருந்து பன்ரண்டு பிள்ளையளும் பெரியாக்கள் மூண்டு பேருமா ஜப்பானுக்குப் போய், பத்து நாள் அங்கத்தைய குடும்பங்களோட தங்கிட்டு வந்தம். கூட்டிக்கொண்டு போன ரீச்சர்மாரில நானும் ஒராள். வந்த நாள்ல இருந்து வட்சப்பில, பத்திரகாளி கோயிலடியில, மீன் கடையில எண்டு எங்க கண்டாலும் ஒரே கேள்விதான், அதுவும் அடுத்த குழுவுக்குப் பேர் குடுக்க நினைக்கிற தாய்மார் விடுற மாதிரி இல்ல. ஒவ்வொராளுக்கும் வொய்ஸ் அனுப்பி தொண்டை கட்டிப் போச்சு, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன்.

ரீச்சர், இது ஒரு டுவர் தானே?

இல்ல. டுவர் எண்டா பஸ்ஸில ஏத்தி, இறக்கி, படம் எடுத்து, ஹோட்டல்ல படுக்க விடுவாங்க. இதில ஒரு வீட்டுக்கு ரெண்டு பிள்ளை. காலையில அந்த வீட்டு ஆக்கள் எழும்பேக்க எழும்பி, அவங்க சாப்பிடுறதைச் சாப்பிட்டு, கோப்பை கழுவி, உடுப்புக் காயப்போட்டு, பின்னேரம் அவங்களோட கடைக்குப் போய் வாறது. நாங்க மேடை ஏறினது மொத்தமா ரெண்டு தரம்தான். மிச்ச எட்டு நாளும் குசினியிலயும் சாப்பாட்டு மேசையிலயும் போச்சு, நான் கேட்டா அந்த எட்டு நாளும்தான் பயணம் எண்டு சொல்லுவன். வீட்டில ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவாத பிள்ளை எண்டா முதல்ல அதைப் பழக்கிட்டு பிறகு பேர் குடுங்க, குறை விளங்காதீங்க.

டோக்கியோவிலயா நிண்டீங்க?

டோக்கியோவை ரயில் யன்னலால பாத்ததோட சரி. நாங்க நிண்டது ககாவா. ஷிகொக்கு தீவில இருக்கு, ஜப்பான்ட பெரிய நாலு தீவில ஷிகொக்குதான் சின்னன், பரப்பளவில ஜப்பான்ட 47 மாகாணத்திலயும் ஆகச் சின்னன் ககாவா. கட்டுநாயக்காவில இருந்து நரிட்டாவுக்கு நேர விமானம், கிட்டத்தட்ட ஒன்பது மணித்தியாலம். அங்கயிருந்து டோக்கியோ, டோக்கியோவில இருந்து புல்லட் ரயில்ல ஒகயாமா, மூண்டரை மணித்தியாலத்துக்குக் கிட்ட, பிறகு சாதாரண ரயில்ல செத்தோ பாலத்தால கடலைத் தாண்டி ககாவாட தலைநகர் தகமட்சுவுக்கு இன்னொரு மணித்தியாலம். 1988ல திறந்த பாலம் அது, மேல கார் ஓடும் கீழ ரயில் ஓடும். ரயில்ல இருந்து பாக்க கீழ கடல் குளம் மாதிரி அசையாமக் கிடக்க, அங்க இங்க குட்டித் தீவுகள். எங்கட உள்துறைமுகம் மாதிரிக் கிடக்கெண்டு ஒராள் சொல்ல எல்லாரும் யன்னலுக்கு ஓடிட்டாங்க. உள்துறைமுகத்துக் கரையில சீனக்குடாவில ஏறி ஜப்பான்ல சீனக்குடாவைப் பாக்கவா இவ்வளவு காசு குடுத்து வந்தனீங்க எண்டு மற்ற ரீச்சர் கேட்டா.

பாஸ்போட், விசா எல்லாம் கரைச்சலா?

கரைச்சல் இல்ல, ஆனா மெதுவா நடக்கும். பாஸ்போட்டுக்கு பத்தரமுல்லைக்குப் போகலாம், இல்லாட்டி வவுனியா ஒபிஸ் எங்களுக்குக் கிட்ட. 16 வயசுக்குக் கீழ எண்டா தாய் தகப்பன்ட சம்மதமும் வேணும். பிறப்புச் சான்றிதழ் தமிழ்ல இருந்தா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து இங்கிலீஷில எடுத்து வைங்க, கடைசி நேரம் ஓடாதீங்க. விசாவுக்கு ஜப்பான்ல கூப்பிடுற ஆக்கள் அழைப்புக் கடிதம், உத்தரவாதக் கடிதம், எந்த நாள் எங்க தங்கிறம் எண்ட அட்டவணை மூண்டையும் அனுப்போணும், அது வராம இங்க ஒண்டும் அசையாது.

முக்கியமா பேர். எங்கட பிள்ளையளுக்கு பாஸ்போட்டில குடும்பப் பேரெண்ட இடத்தில அப்பாட பேர்தான் நிக்கும். எங்களுக்கு டிக்கெட் போட்ட கொழும்பு ஏஜென்சி ஒண்டு ஒரு பிள்ளைட பேரில ஒரு எழுத்தை விழுங்கிட்டுது, அதைத் திருத்த நாலு நாள் போன் அடிச்சு அலைஞ்சம். டிக்கெட் வந்த அண்டைக்கே பாஸ்போட்டைப் பக்கத்தில வச்சு எழுத்தெழுத்தாப் பாருங்க. அங்க போனாப் பிறகு இதே பேரால இன்னொரு பகிடி. ஜப்பான்ல குடும்பப் பேரோட ‘சான்’ போட்டுத்தான் மரியாதையாக் கூப்பிடுவாங்க, அதால வாசல்ல நிண்டு எங்கட பெட்டையை அப்பாட பேரைச் சொல்லி சான் போட்டுக் கூப்பிட, அவள் அப்பா வந்திட்டாராக்கும் எண்டு திரும்பிப் பாத்தாள்.

எவ்வளவு காசு முடியும்?

டிக்கெட்தான் பெரிய செலவு, அது மாசத்துக்கு மாசம் மாறும், அதால இங்க கணக்குப் போட ஏலாது. எங்களை வச்சிருந்த வீடுகள் ஒரு சதமும் வாங்கல்ல, ஆனா சில குழுவளுக்கு வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு தொகை கேப்பாங்க, முதலே கேட்டுத் தெரிஞ்சுகொள்ளுங்க. நாங்க ஏழு மாசமா சனிக்கிழமையில இடியப்பம் ஓடர் எடுத்து, ரெண்டு தரம் கொத்து போட்டு வித்து கொஞ்சம் சேத்தம். அங்க டிப்ஸ் குடுக்கிற பழக்கமே இல்ல, மேசையில காசை விட்டுட்டு வந்தா மறந்திட்டீங்களெண்டு பின்னால ஓடி வந்து தருவாங்க. சின்னக் கடைகளுக்கு சில்லறையும் நோட்டும் கையில இருக்கோணும்.

நாங்க சைவம், பிள்ளை பட்டினி கிடக்குமா?

இதுதான் எல்லாரும் கேக்கிறது, அதால கொஞ்சம் நீட்டிச் சொல்றன். ககாவாவில உடோன் எண்டு கோதுமை மாவில செய்ற மொத்த நூடுல்ஸ்தான் ஊர்ச் சாப்பாடு, காலையிலயே கடை திறந்து வரிசையில நிப்பாங்க. முதல் நாள் கடைக்குள்ள கால் வச்ச உடன எங்கட பொடியன் ஒருத்தன் மூக்கை உறிஞ்சிட்டு, ரீச்சர் நெத்தலிக் கருவாடு மணக்குது எண்டான். நானும் பகிடி விடுறானெண்டுதான் நினைச்சன். பாத்தா சரிதான், அந்தச் சூப்பை நெத்தலியைக் காயவச்சுத்தான் காய்ச்சுறாங்க, இரிக்கோ எண்டு பேர். திருகோணமலைப் பிள்ளையளுக்கு அது அம்மம்மா வீட்டு வாசம், ரெண்டு கோப்பை இறக்கினாங்க. சைவக்காரப் பிள்ளைக்கு அதேதான் பிரச்சினை. மேல மரக்கறி மட்டும்தான் மிதக்கும், பாக்க சைவம், ஆனா அடியில மீன். ஜப்பான் முழுக்க இப்பிடித்தான், மீன் காய்ச்சின தண்ணி இல்லாத சூப்பே குறைவு. ‘மரக்கறி மட்டும்’ எண்டு சொன்னாக் காணாது, மீன் தண்ணியும் வேண்டாமெண்டு ஜப்பான் மொழியில எழுதி அச்சடிச்ச ஒரு சின்ன அட்டையைக் கையில குடுத்து விடுங்க.

அடுத்தது மாடு. அங்கயும் ‘கறி’ எண்டு சொல்லி சோத்தில ஊத்தித் தருவாங்க, இனிப்பா இருக்கும், பிள்ளையளுக்குப் பிடிக்கும். ஆனா கடையில விக்கிற அந்தக் கறிக் கட்டியில கனக்க மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேந்திருக்கும். எங்களோட கிண்ணியாவில இருந்து முஸ்லிம் பிள்ளையள் ரெண்டு பேர் வந்தவங்க, அவங்களுக்கு இதோட சமையல்ல விடுற மிரின், சாக்கே எண்ட அரிசி மது எல்லாத்தையும் முதலே சொல்லி வச்சம். அந்த வீட்டு அம்மா புதுச் சட்டி ஒண்டு வாங்கி வச்சிட்டுக் காத்துக்கொண்டு நிண்டா. யாரும் கேக்காமச் செய்த வேலை அது. பெரிய மனசுதான்.

காலைச் சாப்பாடு சோறு, மிசோ சூப், பொரிச்ச மீன். சில வீட்டில பச்சை முட்டையை சுடு சோத்தில உடைச்சு ஊத்துவாங்க. ஏலாதெண்டா சிரிச்சுக்கொண்டு ஏலாதெண்டு சொல்லலாம், முகத்தைச் சுழிக்காம இருந்தாச் சரி. உடோனை உறிஞ்சிச் சத்தம் போட்டுச் சாப்பிடலாம், வீட்டில அம்மா ஏசுறதை எல்லாம் அங்க தாராளமாச் செய்யுங்க. சொப்ஸ்டிக்கை மட்டும் சோத்தில நட்டு வைக்காதீங்க, அது செத்த வீட்டில படைக்கிற முறை.

குளிக்கிறது எப்பிடி?

ஐயோ, இது ஒரு தனிக் கதை. அங்க பின்னேரம்தான் குளிப்பு. ஒரு தொட்டியில சுடுதண்ணி நிரப்பி வச்சிருப்பாங்க, அதே தண்ணியில வீட்டில எல்லாரும் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா இறங்குவாங்க. அதெப்பிடி எண்டு அருவருக்காதீங்க, தொட்டிக்கு வெளியில ஒரு குட்டி வாங்கில்ல இருந்து சோப்புப் போட்டு, தலை முழுகி, நுரை போகக் கழுவினாப் பிறகுதான் உள்ள இறங்கிறது. தொட்டி ஊத்தை போக்க இல்ல, சும்மா இருந்து உடம்பு ஆற.

விருந்தாளியைத்தான் முதல்ல குளிக்க விடுவாங்க. எங்கட பெட்டை ஒண்டு முதல் நாள் இறங்கி நல்லாக் குளிச்சிட்டு, தான் குளிச்ச தண்ணியை மற்றவங்களுக்கு விட்டுட்டுப் போறது மரியாதையில்லை எண்டு நினைச்சு, அடைப்பைப் பிடுங்கி, தண்ணியை முழுக்கத் திறந்து விட்டு, தொட்டியையும் தேச்சுக் கழுவிட்டு வந்திட்டாள். வெளியில தாத்தா தோள்ல துவாயோட நிக்கிறார். அவர் உள்ள போனார், வந்தார், ஒண்டும் கதைக்கல்ல. பிறகு வீடே சிரிச்சிச்சு. இவள் அறைக்குள்ள போய் அழுதுகொண்டு எனக்குப் போன் அடிக்கிறாள், ரீச்சர் நான் பிழை விட்டுட்டன் எண்டு. நான் சொன்னன், கன்னியா வெந்நீர் ஊத்தில ஏழு கிணத்தடியிலயும் ஆக்கள் கிணத்துக்கு வெளியில நிண்டு அள்ளி ஊத்திறதுதானே, ஆராவது கிணத்தை இறைச்சு வத்தப் பண்ணிட்டுப் போவாங்களா எண்டு. அழுகை நிண்டிச்சு. அடுத்த நாள் அவள் கன்னியாப் படத்தைப் போன்ல காட்ட, தாத்தா ஏழு கிணத்தையும் ஒண்டு ரெண்டு எண்டு விரல் விட்டு எண்ணி, எது ஆகச் சூடெண்டு கேட்டாராம்.

டொய்லட்டில தண்ணி இருக்குமா?

அநேகமா எல்லா வீட்டிலயும் பட்டனை அமத்தினாத் தண்ணி அடிக்கும், இருக்கை சூடா வேற இருக்கும். டொய்லட்டுக்கெண்டு தனிச் செருப்பு வச்சிருப்பாங்க, அதோட சாப்பாட்டு மேசைக்கு வந்து நிக்காதீங்க. வந்து நிண்டது பிள்ளையள் இல்ல, நான்.

பாஷை தெரியாம என்ன செய்றது?

போன்ல மொழிபெயர்ப்பு இருக்கு, பேசினா எழுதிக் காட்டும், ஆனா தமிழை விட இங்கிலீஷில இருந்து போட்டாத்தான் பிழை குறைவு. எங்களுக்கு ஒரு வசதி, ஜப்பான் மொழியிலயும் வினை கடைசியிலதான் வரும், வேற்றுமை உருபு மாதிரி சொல்லுக்குப் பின்னால ஒட்டு வரும், அதால சொற்களை எங்கட ஒழுங்கிலயே அடுக்கினா விளங்கிக்கொள்ளுவாங்க. சுசுமு ஓனோ எண்ட ஜப்பான் அறிஞர் தமிழுக்கும் ஜப்பான் மொழிக்கும் உறவிருக்கெண்டு எழுதினவர், எங்கட யாழ்ப்பாணப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோட சேந்து வேலை செய்தவங்க. மொழியியல்காரர் கனபேர் அதை ஏற்கல்லத்தான். எண்டாலும் சாப்பாட்டு மேசையில எடுத்து விட நல்ல கதை.

என்ன பரிசு கொண்டு போறது?

தேயிலை, பனை ஓலைப் பெட்டி, முறுக்கு, எள்ளுருண்டை. விலை கூட வேண்டாம், ஆனா வடிவாச் சுத்தி ரெண்டு கையாலயும் குடுக்கோணும். உங்களுக்கு முன்னால பிரிக்காட்டிக் கோவிக்காதீங்க, பிறகுதான் பிரிப்பாங்க. நாலு எண்ணிக்கையில ஒண்டும் குடுக்காதீங்க, அவங்கட பாஷையில நாலும் சாவும் ஒரே உச்சரிப்பு. எங்கட பொடியன் நாலு கோப்பை கொண்டு வந்தவன், ஒண்டை எனக்குத் தந்து மூண்டாக்கினம். இப்பவும் அதிலதான் பிளேன்ரீ குடிக்கிறன்.

இறைச்சி எந்த வடிவத்திலயும் கொண்டு போக ஏலாது. மாம்பழத்துக்கு அங்க தடை, முருங்கையிலை, பச்சைக் கறிவேப்பிலை எல்லாத்துக்கும் கட்டுப்பாடு இருக்கு, அதால விடுங்க. தடிமன் மருந்திலயும் கவனம், சூடோஎபெட்ரின் கூடின மருந்துகள் அங்க தடை. பனடோல் பிரச்சினையில்ல.

பூமியதிர்ச்சி வந்தா?

நாங்க நிண்ட நேரம் ஒண்டும் வரல்ல. ஆனா எல்லா வீட்டு வாசலடியிலயும் ஒரு பை தொங்கும், உள்ள தண்ணி, டோர்ச், பிஸ்கட், ரேடியோ. முதல் நாளே அதைக் காட்டி, எங்க ஓடுறது, எந்த மேட்டில சேருறது எண்டு நடந்து காட்டினாங்க. அவங்கட சொல்லுத்தானே சுனாமி, ‘சு’ எண்டா துறைமுகம், ‘நாமி’ எண்டா அலை. 2004 மார்கழி 26 வரைக்கும் எங்கட ஊர்ல ஆருக்கும் தெரியாத சொல்லு. எங்கட வீடுகள்ல இண்டைக்கும் அப்பிடி ஒரு பை இல்ல, வந்து நானும் கட்டல்ல, கட்டோணும்.

அவங்களுக்குத் திருகோணமலையைத் தெரியுமா?

இலங்கையைத் தெரியும், வயசானவங்களுக்கு இன்னும் நல்லாத் தெரியும். 1951ல சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில ஜே.ஆர். ஜயவர்தன புத்தர்ட வாக்கைச் சொல்லி ஜப்பானிட்ட நட்டஈடு வேண்டாமெண்டவர், அதை அவங்க மறக்கல்ல, கமகுராவில நினைவுக்கல்லே வச்சிருக்கிறாங்க. ஜே.ஆரைப் பற்றி எங்களிட்ட வேற கதையள் இருக்கு, அதை அங்க விரிக்கல்ல.

திருகோணமலை எண்டு சொல்லேக்கதான் ஒரு வீட்டில கொஞ்சம் சங்கடமாப் போச்சு. அந்த வீட்டு அப்பா போன்ல ஊர்ப் பேரைத் தேட, அவருக்கு முதல்ல வந்தது 1942 ஏப்ரல் 9. அண்டைக்கு ஜப்பான் விமானங்கள் வந்து எங்கட துறைமுகத்திலயும் சீனக்குடாவிலயும் குண்டு போட்டது. மனுசன் வாசிச்சு முடிச்சிட்டு போனைக் கவுட்டு வச்சிட்டுத் தலையைக் குனிஞ்சு மன்னிப்புக் கேக்கிறார், எங்கட பதினாறு வயசுப் பொடியனிட்ட. அவன் என்ன செய்வான், அவனுக்குத் தெரிஞ்சது அவன்ட பூட்டன் சொன்னதா வீட்டில சொல்ற கதை, எண்ணெய்க் குதம் ஒண்டு ஒரு கிழமையா எரிஞ்சதெண்டும் ஊர்ச்சனம் காட்டுப்பக்கம் ஓடினதெண்டும். அதை இங்கிலீஷில அரைவாசி, கையால அரைவாசி சொல்லி முடிச்சிட்டு, குதம் இன்னும் கனக்க இருக்கு, நீங்க வந்தாக் காட்டுறன் எண்டானாம். அந்த வீட்டு அம்மா எழும்பிப் போய் தர்ப்பூசணி வெட்டிக் கொண்டு வந்தா. இப்பிடி ஒரு கேள்வி வந்தா என்ன சொல்லோணுமெண்டு பிள்ளையளுக்கு முதலே பாடமாக்கிக் குடுக்காதீங்க, அவங்க எங்களை விட நல்லாச் சமாளிப்பாங்க.

நிகழ்ச்சி என்ன செய்தீங்க?

கும்மி, கோலாட்டம், ஒரு காவடிச்சிந்து. கோலாட்டத் தடியைக் கைப்பையில வைக்காதீங்க, கட்டுநாயக்காவில மறிச்சுப்போட்டாங்க, பெரிய பெட்டியில போடுங்க.

நாங்க போனது ஓபொன் நாட்கள்ல, ஆகஸ்ட் நடுவில வரும், செத்துப்போன முன்னோர் வீட்டுக்கு வந்து போற நாளெண்டு நம்பிக்கை. கல்லறையைக் கழுவி, தண்ணி ஊத்தி, பூ வச்சு, ஊதுபத்தி கொளுத்துவாங்க. எங்கட ஆடி அமாவாசை முடிஞ்சு கொஞ்ச நாள்தான், பிள்ளையளுக்கு விளங்கப்படுத்தத் தேவையே இருக்கல்ல. ராவு ஊர்த் திடல்ல நடுவில ஒரு பரண் கட்டி, மேல ஒருத்தர் மேளம் அடிக்க, சனம் முழுக்க வட்டமா ஆடுது. ரெண்டு அடி முன்னால, ஒண்டு பின்னால, கை தட்டு, திரும்பு. எங்கட பெட்டையள் ஒரு சுத்துத்தான் பாத்துக்கொண்டு நிண்டவை, ரீச்சர் இது கும்மிதானே எண்டு போட்டு உள்ள பூந்திட்டினம். அந்த வட்டத்தில எண்பது வயசுக் கிழவியும் நாலு வயசுக் குஞ்சும் ஒரே அடிதான் போடுது. நாங்க மேடையில லைட்டுப் போட்டு ஆடினதுக்குக் கை தட்டினாங்க, சரி, ஆனா இதுக்குத்தான் ஊரே எங்களைத் தெரிஞ்சுகொண்டிச்சு, அடுத்த நாள் தபால்காரர் கூட சைக்கிளை நிப்பாட்டி இவளவைக்குக் கை தட்டிக் காட்டிட்டுப் போனார்.

கோயில் குளம் போனீங்களா?

கொம்பிரா கோயில், கடலோடிகளைக் காக்கிற சாமி, மலையில. பிரதான மண்டபத்துக்கே 785 படி. அந்தப் பேர் வந்தது கும்பீரம் எண்ட சொல்லில இருந்தாம், எங்கட நிகண்டிலயும் கும்பீரம் எண்டா முதலைதான். என்னை வச்சிருந்த வீட்டு ஒபாச்சான், அதாவது அம்மம்மா, அடிவாரத்து உடோன் கடையில இருந்துகொண்டு, நீங்க போங்க, முழங்கால் விடாது எண்டு சொல்லிட்டா. நாங்க ஏறி, மேல நிண்டு கடல் பக்கம் பாத்து, கோணேசர்மலையை நினைச்சுக் கும்பிட்டு இறங்கி வர அவ ரெண்டாவது கோப்பை முடிச்சிட்டா.

பிள்ளை வீட்டை நினைச்சு அழுதா?

மூண்டாம் நாள் ராவு அழும், நாலாம் நாள் மறக்கும். அழுறதை விடப் பெரிய கரைச்சல் இங்கயிருந்து தாய்மார் எடுக்கிற கோல்தான். அங்க மூண்டரை மணித்தியாலம் முந்தி. நீங்க சாப்பிட்டு முடிச்சு ஆறுதலா எட்டரைக்கு எடுத்தா அங்க சரியா நடுச்சாமம், சுவர் எல்லாம் மெல்லிசு, வீடே எழும்பும். பின்னேரம் நாலு மணிக்கு ஒரு மெசேஜ் போடுங்க, காணும்.

சார்ஜர்?

அங்க 100 வோல்ட், தட்டையா ரெண்டு முள். போன் சார்ஜருக்கு ஒரு அடப்டர் போதும். தலைமயிர் நேராக்கிற சாமானை வீட்டில வச்சிட்டுப் போங்க.

அவங்களும் இஞ்ச வருவாங்களா? எங்கட வீட்டில ஏசி இல்லையே.

வருவாங்க, அதுதானே பரிமாற்றம். வாற வருசம் ஆடி ஆவணியில எட்டுப் பேர் வாறாங்க, கடல் அமைதியான காலம், கச்சான் அடிக்கும், வெக்கைதான், ஆனா அவங்கட ஆகஸ்ட்டும் வேர்த்துக் கொட்டுற ஆகஸ்ட்தான். ஏசி தேவையில்ல, ஃபேனும் நுளம்பு வலையும் காணும். உறைப்பைக் குறைங்க, குடிக்கப் போத்தில் தண்ணி வைங்க, கிணத்தில அள்ளிக் குளிக்க விடுங்க, அதுக்குத்தான் அந்தத் தாத்தா கன்னியாப் படத்தோட காத்துக்கொண்டிருக்கிறார். கோட்டைக்குள்ளயும் டவுன்லயும் திரியுற மான்களை வீடியோவில பாத்திட்டு, இது நாரா மாதிரி எண்டு ஒரே துள்ளல், நாரா அங்க மான் திரியுற ஊர்.

ஆறு வீடு சரி வந்திட்டு, இன்னும் ரெண்டு வீடு வேணும். அதில ஒண்டு மாடிப்படி இல்லாத வீடெண்டா நல்லம், ஒபாச்சானும் வாறா. முழங்கால் அப்பிடியேதான் இருக்காம், ஆனா கோணேசர்மலைக்கு ஏறியே தீருவன் எண்டு நிக்கிறா.